பூவைப் பார்த்துச் சொல்கிற விலை

கண்ணு,

நீ கேட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தினமும் சாயங்காலம் போன் செய்கிறாய். சாப்பிட்டாயா, கால்வலி எப்படி இருக்கிறது என்று சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில் "அப்புறம், அது என்னாச்சும்மா?" என்கிறாய். நானும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். பையன் காத்துக்கிடக்கிறான், இன்னும் என்னத்தைப் பார்க்கிறாய் என்று அப்பா என்னைக் கடிந்துகொள்கிறார். போனில் சொன்னால் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீ நாலு சொல்வாய். பி.காம். படித்தவன், கணக்கை வைத்தே என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வா.

இப்போது மத்தியானம். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் இந்த வருஷம் எடுத்திருக்கிற தோப்பில், நடு வரிசையில் ஒரு நீலம் மாமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறேன். பிஞ்சு கோலிக்குண்டு பருமனைத் தாண்டிவிட்டது. காற்று வரும்போதெல்லாம் எங்கோ ஒன்றிரண்டு உதிர்கிற சத்தம் கேட்கிறது. குரங்கு விரட்டுகிறேன் என்று அந்தக் கோடிக்குப் போன அப்பாவின் சத்தத்தைக் காணோம், அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டார் போல. இந்த நேரத்துக்குத் தோப்பு ஒரு மாதிரி இருக்கும். வெயில் இலைகளுக்கு நடுவே இறங்கி மண்ணில் ஆடிக்கொண்டே இருக்கும். அதையே கொஞ்ச நேரம் பார்த்தால் எந்த வருஷத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது மறந்துபோகும். இது போன வருஷத் தோப்பா, நீ வயிற்றில் இருந்தபோது சுற்றிய தோப்பா என்று குழம்பும். எனக்கு அந்தக் குழப்பம் பிடிக்கும். அப்பா இதைத் தூக்கக் கலக்கம் என்பார். என்னவோ இருந்துவிட்டுப் போகட்டும்.

ஓசூர் கம்பெனியில் யாராவது உன்னிடம் அப்பா அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், மாங்காய் வியாபாரம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். தப்பில்லை. ஆனால் நாங்கள் வாங்கும்போது மாங்காய் எங்கே இருக்கிறது? தை மாசம் மரம் பூ எடுத்து நிற்கும்போதே போகிறோம். தோப்பைச் சுற்றி வருகிறோம். ஆனியில் இதில் எத்தனை டன் காய் இறங்கும், மாங்கூழ் ஃபேக்டரிக்காரர் அன்றைக்கு என்ன விலை கொடுப்பார், அதற்குள் மழை அடிக்குமா, பூச்சி விழுமா என்று எல்லாவற்றையும் மனசுக்குள் போட்டு உருட்டி, தோப்புக்காரரிடம் ஒரு தொகை சொல்கிறோம். அவர் சரி என்றால் முன்பணம் கைமாறும். அதற்கப்புறம் அந்த வருஷக் காய் எங்களுடையது, வந்தாலும் வராவிட்டாலும். விலை பேசுகிறவர் அப்பா. என்ன விலை என்று அவர் காதில் சொல்வது நான். கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து அப்படித்தான். ஊர் முழுக்க அவருக்குத்தான் பேர். மீசையைத் தடவிக்கொண்டு பெரிய யோசனையில் இருக்கிற மாதிரி நிற்பார், நான் தொகையைச் சொன்ன பிறகுதான் அந்தக் கை மீசையை விட்டு இறங்கும்.

இந்த ரகசியம் தெரிந்ததால்தான் நீ என்னிடம் கேட்டாய். பெங்களூரில் அந்தக் காலேஜில் உனக்கு எம்.பி.ஏ. சீட் கிடைத்திருக்கிறது. இரண்டு வருஷப் படிப்பு. ஃபீஸ், ஹாஸ்டல், லேப்டாப் எல்லாம் சேர்த்து பேங்க்கில் இருபத்திரண்டு லட்சம் கடன். படிக்கிற காலத்திலும் வட்டி ஓடும். வேலைக்குப் போனதும் பத்து வருஷத்துக்கு மாசம் முப்பதாயிரத்துக்குக் குறையாமல் கட்ட வேண்டும். அது இன்றைக்கு ஓசூரில் நீ வாங்குகிற மொத்தச் சம்பளம். ஆனால் படித்து முடித்தால் வருஷத்துக்குப் பன்னிரண்டு லட்சம் வரும் என்று காலேஜ் சொல்கிறது. இதையெல்லாம் கட்டம் கட்டமாகப் போட்டு போனில் அனுப்பிவிட்டு, கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜும் வைத்தாய். "அம்மா, இதையும் ஒரு தோப்புன்னு நெனச்சுக்க. எடுக்கலாமா, வேண்டாமா? நீ சொல்றதுதான். உன் கண்ணு தப்பாது."

அதை எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. தோப்பு கைவிட்டால் அடுத்த தை வந்துவிடும், வேறு தோப்பு பார்த்துக்கொள்ளலாம். உனக்கு வயசு இருபத்தாறு. வருகிற திங்கட்கிழமைக்குள் முதல் தவணை ஃபீஸ் கட்டாவிட்டால் சீட் போய்விடும். கட்டினால் ஓசூர் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். நான் வேண்டாம் என்று சொல்லி நீ அங்கேயே கிடந்து புழுங்கினாலும் பாவம் என் தலையில். போ என்று சொல்லி முப்பத்தெட்டு வயசு வரைக்கும் கடனில் மூச்சுத் திணறினாலும் என் தலையில். பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று இரண்டு நாள் உன் மேல் கோபமாகக்கூட இருந்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் கண் தப்பாது என்று யார் சொன்னது? பெரிதாகத் தப்பியிருக்கிறது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. விடிகாலையில் போய்த் தோப்புக்கு விலை சொல்லக் கூடாது. வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் போக வேண்டும். நீ நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்த வருஷம், அப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். பென்னாகரம் போகிற வழியில் ஒரு நல்ல தோப்பு இருக்கிறது, தாமதித்தால் வேறு யாராவது எடுத்துவிடுவார்கள் என்று செய்தி வந்தது. நான் முதல் பஸ்ஸைப் பிடித்துத் தனியாகப் போனேன். இறங்கும்போது பனி கலையவில்லை. தோப்புக்குள் நுழைந்ததும் அந்த வாசனை. தேனீக்களின் சத்தம் ஒரு பக்கத்திலிருந்து வராமல் எங்கும் நிறைந்திருந்தது. மரமே கண்ணுக்குத் தெரியவில்லை, பூ மட்டும் பனியில் மிதந்துகொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஈர மண்ணில் நடந்தேன். எவ்வளவு நேரம் நடந்தேனோ. அடுப்பு, கடன், காய்ச்சல், எதுவும் ஞாபகமில்லை. அந்தத் தோப்புக்கார அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து டீ கொடுத்தார். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போதே தொகையைச் சொல்லிவிட்டேன். அவரே ஒரு நிமிஷம் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

வெயில் ஏறியபின் போயிருந்தால், பின் வரிசைகளில் பூங்கொத்து முழுக்கச் சாம்பல் நோய் படிந்திருந்தது என் கண்ணில் பட்டிருக்கும். பனியில் எல்லாமே வெள்ளையாகத்தானே தெரியும். அந்த வருஷம் நினைத்ததில் பாதிகூட இறங்கவில்லை. மீதிப் பணத்தைக் கொடுக்க அப்பா போனபோது, பார்த்துச் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். அந்த அம்மா ஒரு பங்கைக் கழித்துவிட்டு மீதியை வாங்கிக்கொண்டார். இப்படிக் கழித்துக் கொடுப்பது நம் பக்கம் வழக்கம்தான். யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் மரம் ஏமாற்றிய வருஷத்தில் தோப்புக்காரரும் எடுத்தவரும் நஷ்டத்தை ஆளுக்குப் பாதியாகச் சுமப்பார்கள். அப்பா இன்றைக்கும் பென்னாகரம் பஸ்ஸைப் பார்த்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அந்தக் காலைப் பொழுதுக்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீ அந்தக் காலேஜைப் பார்த்தது எப்போது? புதிதாகச் சேர்கிறவர்களைக் கூப்பிட்டு விழா வைத்த அன்றைக்கு. நீ அனுப்பிய போட்டோவில் வாசலெல்லாம் வாழையும் பூவும் கட்டியிருந்தது. பெரிய பெரிய பேனர்களில் சிரிக்கிற முகங்கள், ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் சம்பளம். உனக்கு டீ கொடுத்து, பையும் தொப்பியும் கொடுத்து அனுப்பினார்கள். நீ அன்று ராத்திரி பேசியபோது உன் குரல் மிதந்துகொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. பையன் விடிகாலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால் போன புதன்கிழமை உன்னிடம் சொல்லாமல் நானும் அப்பாவும் பெங்களூர் போனோம். திட்டாதே. அன்றைக்கு நீ போன் செய்து வண்டிச் சத்தமாகக் கேட்கிறதே என்றபோது ரோட்டில் இருக்கிறேன் என்றேனே, பொய் இல்லை, ரோட்டில்தான் இருந்தேன், பஸ்ஸுக்குள். அப்பா உன் சித்தப்பா கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். கழுத்துப் பட்டன் போடவே முடியவில்லை, ஆனாலும் விடவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சரியான உச்சி வெயில். வாழையும் இல்லை, பூவும் இல்லை. பேனரில் ஒன்று ஒரு பக்கம் அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பையனைச் சேர்க்கப்போகிறோம், பார்க்க வந்தோம் என்றதும் உள்ளே விட்டுவிட்டார்கள். நல்ல இடம்தான் கண்ணு. மரம் நிறைய. சுத்தமாக இருந்தது. மோசம் என்று சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை.

அட்மிஷன் ஆஃபீஸில் தமிழ் தெரிந்த ஒரு தம்பி உட்கார வைத்துப் பேசினார். ஃபீஸ் விவரம், பேங்க் விவரம் எல்லாம் பொறுமையாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு அப்பா மீசையைத் தடவ ஆரம்பித்தார். எனக்கு அப்போதே பயம், என்ன கேட்கப்போகிறாரோ என்று. தொண்டையைச் செருமிக்கொண்டு, "படிச்சு முடிச்சு வேல சரியா அமையலைன்னா, ஃபீஸ்ல ஏதாச்சும் கழிச்சுக் குடுப்பீங்களாங்க?" என்று கேட்டுவிட்டார். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தத் தம்பி சிரிக்கவில்லை, அவர் நன்றாக இருக்கட்டும். எழுந்து போய் அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அப்படி ஒரு வழக்கம் எங்கேயும் இல்லை அய்யா, ஃபீஸ் முழுசும் கட்டியாக வேண்டும், கடன் உங்களுக்கும் பேங்க்குக்கும் உள்ள விஷயம் என்று சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெளியே வந்து வராந்தாவில் நின்று அப்பா கழுத்துப் பட்டனை அவிழ்த்துவிட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "இவங்க பூவுக்கே முழுக் காசும் வாங்கிக்கிறாங்க புள்ள" என்றார். வெட்கமெல்லாம் போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நாலு பேர் நடமாடுகிற இடம் என்பதால் விட்டுவிட்டேன்.

அவர் கேன்டீனைத் தேடிப் போனார். நான் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே படிக்கட்டில் உன் வயசுப் பிள்ளைகள் கோட்டும் டையுமாக நின்றிருந்தார்கள். உள்ளே ஏதோ கம்பெனி வந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வெயிலில் அந்தக் கோட்டுக்குள் எப்படி வெந்தார்களோ. பஸ்ஸில் வந்த அலுப்பு, மர நிழல், கண் சொக்கியது. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். கனவில் அந்தப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக நிற்க, நான் ஒவ்வொருவரிடமும் போய்ப் போய் அண்ணாந்து பார்க்கிறேன். யாரோ என் காதுக்குப் பக்கத்தில் வந்து தொகை என்ன, தொகை என்ன என்று கேட்கிறார்கள். கடைசி வரிசையில் நீ நிற்கிறாய். உன் முகத்தைப் பார்க்கலாம் என்று போனால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. பனி வேறு. கால் ஈரமாக இருக்கிறது. என்னைத் தூக்கிக்கொண்டு போம்மா என்று சின்ன வயசில் கேட்பாயே, அந்தக் குரல் மட்டும் கேட்கிறது.

கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் கையிலிருந்து நழுவிய பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பேர் ரேஷ்மா. வாணியம்பாடிப் பெண், கடைசி வருஷம். தூக்கத்தில் நான் தமிழில் ஏதோ முனகியிருக்கிறேன், அதைக் கேட்டுத்தான் வந்து உட்கார்ந்தாளாம். உன்னைப் பற்றிச் சொன்னேன். அவளும் கடன் வாங்கித்தான் படிக்கிறாள். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, பேனரில் போட்டிருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். பேனரில் இருக்கிறவர்கள் பொய்யா என்று கேட்டேன். பொய் இல்லை, அவர்கள் முதல் வரிசை, எல்லாரும் முதல் வரிசையில் நிற்க முடியுமா என்றாள். அப்படியென்றால் கடனைக் கட்டிவிடுவாயா என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

"கட்டிருவேன் ஆன்ட்டி. கணக்கு சரியாத்தான் வருது. ஆனா வேல பிடிக்கலைன்னா விட முடியாது. மேனேஜர் எப்படிப்பட்டவரா இருந்தாலும், என்ன செய்யச் சொன்னாலும், கடன் முடியற வரைக்கும் சரி சார், சரி சார்தான். அத மட்டும் யாரும் கணக்குல எழுதறதில்ல."

படித்தது வீணா அப்போது என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றாள். இங்கே வருவதற்கு முன் நாலு பேர் முன்னால் நின்று பேச நாக்கு எழாதாம், இப்போது எந்தப் பெரிய ஆளையும் உன் லாபம் என்ன என்று முகத்துக்கு நேரே கேட்பாளாம். மறுபடி பிறந்து வந்தாலும் இங்கேதான் படிப்பேன், ஆனால் கடனைக் குறைத்து வாங்குவேன் என்றாள். அவளை உள்ளே கூப்பிட்டார்கள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு ஓடினாள். எனக்குப் பெண் பிள்ளை இல்லாத குறை அன்றைக்கு ஒரு நிமிஷம் வந்து போனது.

திரும்பி வரும்போது ஜன்னலோரம் எனக்குக் கொடுத்தார் அப்பா. ஓசூர் பாலத்தின் மேல் பஸ் ஏறும்போது விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். உன் கம்பெனி இருக்கிற பக்கம் எட்டிப் பார்த்தேன். அத்தனை வெளிச்சத்தில் எது உன்னுடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இங்கே இறங்கி அவனைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன், வேண்டாம், அவன் முகத்தைப் பார்த்தால் நீ எல்லாவற்றையும் உளறிவிடுவாய் என்றார். அப்புறம்தான் பொங்கலுக்கு வந்தபோது நீ அவரிடம் சொன்னதை என்னிடம் சொன்னார். விலை நிர்ணயிக்கிற மீட்டிங்குக்கு ராத்திரி பகலாக உட்கார்ந்து கணக்கெல்லாம் நீதான் போடுவாயாம். மீட்டிங் ஆரம்பித்ததும் ஃபைலை வைத்துவிட்டு வெளியே போகச் சொல்வார்களாம். உன்னைவிடச் சின்னப் பையன், எம்.பி.ஏ. படித்தவன், உன் கணக்கைத் தப்புத் தப்பாகச் சொல்வது கதவுக்கு வெளியே உனக்குக் கேட்குமாம். ஒரு தடவையாவது அந்த மேசையில் உட்கார்ந்து பேசணும்ப்பா என்றாயாம். எனக்கு அனுப்பிய கட்டங்களில் இது எங்கே இருந்தது? அவரிடம் மனசைத் திறந்திருக்கிறாய், என்னிடம் வட்டி விகிதத்தை அனுப்பியிருக்கிறாய். தர்மபுரி வருகிற வரைக்கும் உன் மேல் கோபமாகவே வந்தேன். ஆனால் அதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. உனக்கு என்ன வேண்டும் என்று எனக்கு முதல் தடவையாகத் தெரிந்தது.

சரி, என் கண் என்ன சொல்கிறது என்று கேட்டாய். சொல்கிறேன். கண்ணில் படுகிற பூவில் பாதியைத்தான் நாங்கள் காயாகக் கணக்கு வைப்போம். பன்னிரண்டு லட்சம் என்கிறார்கள், நான் ஆறு என்று வைத்துக்கொள்கிறேன். பிடித்தம் போகக் கையில் மாசம் நாற்பத்தைந்தாயிரம் வரும். அதில் முப்பதாயிரம் தவணைக்குப் போனால் மீதியை வைத்துக்கொண்டு பெங்களூரில் வாடகை கொடுப்பாயா, சாப்பிடுவாயா? இந்த விலைக்கு இந்தத் தோப்பு ஆகாது. எடுக்காதே என்று சொல்லிவிடுவேன். ஆனால் உன் கையில் மூன்று லட்சம் சேமிப்பு இருக்கிறது. நானும் அப்பாவும் மாடி கட்ட என்று வைத்திருப்பது ஐந்து. கடனைப் பதினாலு லட்சமாகக் குறைத்தால் மாசத் தவணை இருபதாயிரத்தை ஒட்டி வரும், உன் கையில் இருபத்தைந்தாயிரம் நிற்கும். இன்றைக்கு ஓசூரில் எங்களுக்கு அனுப்பியது போக நீ வைத்துக்கொள்வதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, பூவில் பாதி போனாலும் நீ இப்போது இருக்கிற இடத்தைவிடக் கீழே போக மாட்டாய். நன்றாக வந்தால் வந்தது. இந்த விலைக்கு எடுக்கலாம். மாடி என் கல்யாணத்துக்காகத்தானே என்பாய். வரப்போகிற பெண்ணுக்கு மாடி வேண்டுமா, சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற புருஷன் வேண்டுமா என்று அவளையே கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ரேஷ்மா சொன்னதற்கு இந்தக் கணக்கில் பதில் இல்லை. வீட்டுக்கு வந்தும் எனக்கு அதே நினைப்புதான். ஏனென்றால் வேலையை விடுகிற பிள்ளை நீ. நீ மறைத்தது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். படித்து முடித்ததும் தர்மபுரியில் ஒரு கடன் கம்பெனியில் சேர்ந்தாயே, பைக்கில் ஊர் ஊராகப் போய் மகளிர் குழுப் பெண்களிடம் வாரத் தவணை வசூலிக்கிற வேலை. ஒரு நாள், பசு செத்துப்போய்க் கட்ட முடியாமல் இருந்த ஒருத்தி வீட்டு வாசலில், பணம் வரும் வரை எழுந்திருக்காதே என்று உன்னை உட்கார வைத்தார்கள். நீ அன்றைக்கே பைக் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாய். உன்னோடு வேலை பார்த்த பையனின் அம்மா சந்தையில் என்னிடம் சொன்னாள். ஆனால் நீ வீட்டில் வாயே திறக்கவில்லை. காலையில் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு, போயிட்டு வர்றேம்மா என்று கிளம்பிப் போய்க்கொண்டே இருந்தாய்.

ஒரு நாள் நான் டவுன் பஸ்ஸில் போகும்போது, அதியமான்கோட்டையில் மெயின் ரோட்டு டீக்கடைக்குப் பின்னால் உன்னைப் பார்த்தேன். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நான் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை. போகிற வருகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு, கையில் சோற்றை வைத்தபடி அப்படியே இருந்தாய். இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். உன் முகம் எப்படி ஆகும் என்று நினைத்து மறுபடி உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் நீ வந்தபோது வேலை எப்படி என்று கேட்டேன், கொஞ்சம் அலைச்சல்மா என்றாய். மறுநாளிலிருந்து டப்பாவில் ஒரு முட்டை சேர்த்து வைத்தேன். சும்மா உட்கார்ந்திருந்தால் பசி அதிகம் எடுக்கும். ஓசூரில் வேலை கிடைக்கிற வரைக்கும் நீயும் நடித்தாய், நானும் நடித்தேன். உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்தப் பெஞ்சில் உன்னைத் தனியாக உட்கார விட்டுவிட்டேனே என்றுதான் இருக்கிறது.

அதனால் கேள். போய்ச் சேர். திங்கட்கிழமை காலையில் நானும் அப்பாவும் பேங்க்குக்கு வருகிறோம். உன் பேருக்குக் கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறோம். நன்றாகப் படி. அந்த மேசையில் உட்கார்ந்து உன் கணக்கை உன் வாயாலேயே சொல். தவணை பேங்க்குக்குப் போகட்டும், ஆனால் அந்தத் தவணைக்குப் பயந்து யாருக்கும் சரி சார் போடாதே. நீ வேலை இல்லாமல் இருக்கிற மாசங்களை நாங்கள் கட்டுகிறோம். இன்னும் ஒரு தோப்பு சேர்த்து எடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் காலில் வலு இருக்கிறது. அப்பாவிடம் கேட்டுவிட்டேன். மீசையைத் தடவவே இல்லை, உடனே சரி என்றார்.

எந்த வருஷமாக இருந்தாலும் சரி. உன் மனசு ஒப்பாத ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லி, நீ சாவியைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு வந்தாயானால், எங்கேயும் போய் உட்காராதே. எத்தனை தவணை பாக்கி என்று எண்ணிக்கொண்டு நிற்காதே. பஸ் ஏறி நேரா வூட்டுக்கு வந்துரு சாமி. சோத்த இங்க உக்காந்து சாப்பிடு.

அம்மா